பில்ஜில் தெரிவது நட்டு, அரிப்பது மூட்டு: ஏரா போல்ட் சோதனையும் பழுதுபார்ப்பும்

பாய்ப்படகின் தரைப்பலகையைத் தூக்கி, பில்ஜ் என்கிற அடிப்பள்ளத்துக்குள் டார்ச் அடித்தால் முதலில் கண்ணில் படுவது நட்டுகள்தான். ஆரஞ்சு நிறத்தில் துரு வழிந்திருந்தால் படகை வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். பளபளவென்று இருந்தால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று நகர்ந்துவிடுவார். இரண்டு முடிவுமே தப்பாகலாம். நட்டும் வாஷரும் காற்றில் இருப்பவை. அவற்றின் துரு பெரும்பாலும் மேல்தோல் சமாச்சாரம். அடியில் தொங்கும் ஈயத்தைப் படகோடு பிடித்திருக்கும் போல்ட் உண்மையில் மெலிவது அதற்கு நாலைந்து விரற்கடை கீழே, படகின் அடியும் ஈயமும் சந்திக்கும் மூட்டில். அங்கே டார்ச் வெளிச்சம் போகாது.

ஒரு சொல் விளக்கம். இந்த ஈயப் பகுதியை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் ‘கீல்’ என்று எழுதினால் கதவுக் கீலும் தோணிக்குப் பூசும் கீலும்தான் நினைவுக்கு வரும். நம் கடற்கரை ஓடாவிகள் (படகுத் தச்சர்கள்) சொல்லும் ‘ஏரா’ என்ற சொல்லையே இங்கே எடுத்துக்கொள்ளலாம். வல்லத்தில் ஏரா என்பது முதுகெலும்பு மரம். இந்தப் படகுகளில் அது அடியில் தொங்கும் ஈயச் செட்டை. காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கும்போது படகைத் திரும்ப நிமிர்த்துவது அந்த எடைதான்.

எடுத்துக்காட்டாக கேட்டலினா 27 படகைப் பார்ப்போம். 1971 முதல் 1991 வரை அமெரிக்காவில் கட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் படகு. ஆயிரக்கணக்கில் விற்றது, இன்று மலிவாகக் கைமாறுவதால் முதல் படகாகப் பலர் வாங்குவது. மொத்த எடை 6,850 பவுண்டு, அதில் நிலை ஏராவின் ஈயம் மட்டும் 2,700 பவுண்டு. நம் கணக்கில் 1,225 கிலோ. படகின் அடி கீழ்நோக்கிச் சற்று நீண்டு ஒரு கட்டையான ‘ஸ்டப்’ ஆகும். ஈயத்தில் வார்க்கும்போதே பதித்த கம்பிகள், அவைதான் போல்ட்டுகள், அந்த ஸ்டப்பைத் துளைத்துக்கொண்டு பில்ஜுக்குள் தலைநீட்டும். கம்பியின் அடிமுனை ஈயத்துக்குள் கொக்கி போல வளைந்திருக்கும். அதனால் திருகிக் கழற்ற முடியாது. பழைய கேட்டலினாக்களில், 30 அடிப் படகிலும்கூட, ஸ்டப்புக்குள் பிளைவுட் அடுக்கு உண்டு. பாதித் தொல்லை அதனால்தான். ஏராவின் முன்முனையில் மூட்டு விரிந்து வளைந்த கோடாகத் தெரிவதற்கு ‘கேட்டலினா ஸ்மைல்’ என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். செல்லம் கொஞ்ச வேண்டிய விஷயமில்லை அது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை இந்த மூட்டில் செல்லாது. அந்த உலோகத்தைக் காப்பது அதன் மேல் தானே உண்டாகும் மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம். கீறல் விழுந்தால் படலம் தானாக மறுபடி உருவாகும். ஆனால் அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். மூட்டு இடுக்கில் புகுந்த உப்புத்தண்ணீர் அங்கேயே தேங்கி, இருந்த ஆக்ஸிஜனும் தீர்ந்துவிட்டால் படலம் உடைந்த இடம் உடைந்தபடியே நிற்கும். குளோரைடு உள்ளே சேரும், இடுக்கிலுள்ள நீர் அமிலமாகும், குழி ஆழமாகும். வெளியே துரு அதிகம் வழியாமலே போல்ட் எலி கடித்த மாதிரி மெலிந்துவிடும். 304 ரகத்தைவிட 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 இதைக் கூடுதல் காலம் தாங்கும். ஆனால் அதுவும் விதிவிலக்கு அல்ல.

இதில் இழுவிசைக்கும் பங்கு உண்டு. படகு முழுதாகச் சாய்ந்து ஏரா படுக்கைவாட்டில் நிற்கிறது என்று வையுங்கள். ஈயத்தின் எடைமையம் மூட்டிலிருந்து சுமார் 45 செ.மீ. தள்ளி இருந்தால் திருப்புவிசை 1,225 × 9.81 × 0.45, அதாவது 5.4 கிலோநியூட்டன் மீட்டர். நடுவரிசை போல்ட்டிலிருந்து ஸ்டப்பின் விளிம்புக்கு 8 செ.மீ.தான் நெம்புகோல். ஆக போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 67 கிலோநியூட்டன் இழுக்க வேண்டும்; ஆறு போல்ட் என்றால் தலைக்கு 11. போல்ட்டுகள் இதைவிட அதிக விசையோடு முன்கூட்டியே முறுக்கப்பட்டிருந்தால் மூட்டு திறக்கவே திறக்காது. முறுக்கு தளர்ந்துவிட்டால், படகு பக்கம் மாறிச் சாயும் ஒவ்வொரு தடவையும் மூட்டு இம்மியளவு திறந்து மூடும். திறக்கும்போது தண்ணீரை உறிஞ்சும், மூடும்போது போல்ட்டை வளைக்கும். அரிப்பும் உலோகக் களைப்பும் கைகோப்பது அங்கேதான்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2014 மே மாதம் வடஅட்லாண்டிக்கில் நடந்ததே சாட்சி. சீக்கி ரஃபிக்கி என்ற பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 ரகப் படகு ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பும் வழியில் ஏரா கழன்று கவிழ்ந்தது. நான்கு பேரும் பிழைக்கவில்லை. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை, முன்பு பலமுறை தரைதட்டியதும் அதன் பின்னான பழுதுபார்ப்புகளும் சேர்ந்து ஏரா பொருந்தியிருந்த கட்டமைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது. போல்ட்டுகளின் சிதைவும் அந்த அறிக்கையில் பேசப்பட்டது. ஆகவே தரைதட்டிய படகு என்றால் போல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஏராவின் பின்முனைக்கு நேர் மேலே உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்களையும், அவை ஹல் என்கிற படகுடலோடு ஒட்டிய விளிம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னால் பாறையில் மோதினால் ஏராவின் பின்முனைதான் மேல்நோக்கி இடிக்கும்.

சோதனை

படகு தண்ணீரில் இருக்கும்போதே தொடங்கலாம். பில்ஜை முற்றிலும் துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் டிஷ்யூ காகிதம் ஒரு வளையம் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். எந்த வளையம் நனைந்திருக்கிறதோ அந்த போல்ட் வழியே கீழிருந்து தண்ணீர் ஏறுகிறது. பாய்மரம் வழியாக இறங்கும் மழைநீர் குழப்பும் என்பதால் மழையில்லாத நாளாகப் பார்த்துச் செய்யவும். நாக்கில் வைத்து உப்பா என்று பார்க்க வேண்டாம். ஈயம் ஊறிய தண்ணீர் அது.

பிறகு கரையேற்றம். படகு ஸ்லிங்கில், அதாவது தூக்கும் பட்டையில், தொங்கும் அந்தப் பத்து நிமிடம் பொன்னான நேரம். ஏராவின் எடை முழுவதும் அப்போது போல்ட்டுகளில் தொங்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.1 மி.மீ. தகட்டை மூட்டைச் சுற்றி நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று சாக்பீஸால் குறியுங்கள். ஏராவின் அடிமுனையை ஒருவர் பக்கவாட்டில் தள்ள, இன்னொருவர் மூட்டில் விரல் வைத்து அசைவு தெரிகிறதா என்று பார்க்கலாம். படகுக்கு அடியில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது. பின் மரக்கட்டைமேல் இறக்கியதும் அதே இடங்களில் மறுபடி அளந்தால், தொங்கும்போது இருந்த இடைவெளி எடை அமர்ந்ததும் மூடுகிறதா என்பது தெரியும். மூடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது நீண்டிருக்கிறது. எந்த நிலையிலும் மாறாத மெல்லிய கீறல் பெரும்பாலும் பெயின்டும் பட்டியும் விரிந்ததுதான். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

கரையேறிய பிறகு இரண்டு மூன்று நாள் மூட்டைக் கவனியுங்கள். அடியெல்லாம் காய்ந்த பிறகும் ஒரே இடத்தில் காப்பி நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது.

அடுத்தது நட்டு. படகு தன் ஏராமேல் அமர்ந்து, பக்கங்களில் ஸ்டாண்ட் இறுகப் பிடித்திருக்கும்போது மட்டும், ஒரு சமயத்தில் ஒரே ஒரு நட்டைக் கழற்றலாம். ஸ்லிங்கில் தொங்கும்போது கைவைக்கவே கூடாது. முக்கால் அங்குல போல்ட்டின் நட்டுக்கு 1 1/8 அங்குல ஆழமான சாக்கெட் வேண்டும். 29 மி.மீ. சாக்கெட் உட்காருகிற மாதிரி இருக்கும். ஆனால் துருவால் மெலிந்த நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். கழற்றும் முன் நட்டுக்கு மேல் மரை எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிவைப்பது பின்னால் பயன்படும். முறுக்கும்போது விசை ஏறாமல் நட்டு சுற்றிக்கொண்டே போனால் காரணம் மூன்றில் ஒன்று. பில்ஜ் தரையிலிருந்து கம்பியின் உயரம் மாறாமல் நட்டும் வாஷரும் கீழே போனால் உள்ளே பிளைவுட் நசுங்குகிறது. கம்பியே மேலே ஏறி வந்தால் அது நீள்கிறது, இல்லை ஈயத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. கம்பியும் நட்டோடு சேர்ந்து சுற்றினால் கீழே எங்கோ முறிந்திருக்கிறது.

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பழைய முறை. நல்ல கம்பி மணி மாதிரி ஒலிக்கும், மெலிந்தது மொத்தென்று விழும். ஆனால் ஈயமும் சீலன்ட்டும் சுற்றிப் பிடித்திருக்கையில் எல்லாமே மொத்தென்றுதான் கேட்கும். அதை நம்பி ஒரு போல்ட்டை நல்லது என்று சொல்லிவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் ஓரளவு நம்பகமானது. கம்பியின் மேல்முனையைக் கிரைண்டரால் தட்டையாக்கி, ஜெல் தடவி, புரோபை வைத்தால் எதிரொலி எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று தெரியும். ஒரே ரகக் கம்பிகளில் மற்றவை எல்லாம் கொக்கி வளைவின் ஆழத்தில் எதிரொலிக்க, ஒன்று மட்டும் மூட்டின் ஆழத்திலேயே எதிரொலித்தால் விடை கிடைத்துவிட்டது. மரப் படகுகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் பிரிட்டனில் நெடுநாளாக உண்டு.

மெலிவைக் கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுவார்கள். முக்கால் அங்குலக் கம்பி மரையின் அடிவிட்டம் 15.7 மி.மீ., பரப்பு சுமார் 195 சதுர மி.மீ. அது 12 மி.மீ. ஆக மெலிந்தால் பரப்பு 113. விட்டத்தில் கால்பங்குதான் போனது, வலுவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. படகு கட்டுவோர் கையாண்ட பழைய விதி ஒன்று உண்டு: ஏரா எடையில் 1,500 பவுண்டுக்கு ஒரு சதுர அங்குல போல்ட் பரப்பு, மரையின் அடியில் அளந்து. நம் அளவில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மி.மீ.; மனத்தில் வைக்க எளிது. 1,225 கிலோவுக்கு 1,160 சதுர மி.மீ.; முக்கால் அங்குலத்தில் ஆறு போல்ட். படகில் எத்தனை இருக்கின்றன, அவற்றில் மெலிந்தது போக எவ்வளவு மிச்சம் என்று கூட்டிப் பார்த்தால் அடுத்து என்ன செய்வது என்பது தானாக விளங்கும்.

ஏராவைப் பிரிக்க வேண்டுமா, பக்கத்தில் புது போல்ட் போதுமா

மூட்டு இறுக்கமாக, கசிவில்லாமல், நட்டு மட்டும் துருவேறியிருந்தால் நட்டையும் வாஷரையும் மாற்றி முறுக்கினால் தீர்ந்தது. மூட்டு கசிந்தால், புது போல்ட் எத்தனை போட்டாலும் பழைய இடுக்கு அப்படியே இருக்கும். பிரித்தே ஆக வேண்டும். நட்டைச் சுற்றி எபாக்சியைக் கொட்டிக் கசிவை மேலிருந்து அடைப்பது எல்லாவற்றிலும் மோசமான வேலை. தண்ணீர் உள்ளே வரும் வழி அடைபடாது, காற்று வரும் வழிதான் அடைபடும்.

நட்டு கழல மறுத்தால் தீ காட்ட வேண்டாம். பில்ஜில் பெட்ரோல் ஆவி இருக்கலாம். பாலியெஸ்டர் ரெசினோ 100 டிகிரி எட்டும் முன்பே இளகும். துரு இளக்கியை இரண்டு நாள் ஊறவிட்டு, அதன் பிறகும் அசையாவிட்டால் நட்டின் ஒரு பட்டையை மெல்லிய டிஸ்க்கால் மரைக்கு ஒரு மி.மீ. மிச்சம் வைத்து வெட்டி, உளியால் பிளப்பது நல்லது. மரையைக் காப்பாற்றினால் பாதி வேலை மிச்சம்.

பிரிக்கும்போது ஏராவை இறக்குவதில்லை. ஏராவை நிறுத்திவைத்துப் படகைத் தூக்குவார்கள். தனியாக நிற்கும் 1,225 கிலோ ஈயம் ஒரு பக்கம் சாய்ந்தால் யாராலும் பிடிக்க முடியாது. எனவே நட்டைத் தொடும் முன்பே ஏராவைச் சுற்றி 4×4 அங்குல மரச்சட்டத்தில் கூடு அடித்து, ஆப்பு வைத்து இறுக்கிவிடுங்கள். நட்டுகளை எடுத்துவிடாமல் கடைசி நாலைந்து மரையில் நிறுத்திவிட்டு, லிஃப்ட்டில் படகின் எடையை மட்டும் மெல்ல ஏற்ற வேண்டும். 3எம் 5200 மாதிரி பாலியூரித்தேன் சீலன்ட் பிடித்திருந்தால் உடனே விடாது. நீளமான ரம்ப பிளேடை மூட்டில் நுழைத்து அறுத்துக்கொண்டே, இருபுறமும் கட்டை ஆப்புகளைச் சமமாகத் தட்டி, முடிந்தால் ஓரிரவு இழுவையில் விட்டுவைப்பது உத்தமம். அவசரப்பட்டு ஒரு முனையில் மட்டும் ஆப்பை அறைந்தால் ஸ்டப்பின் ஃபைபர்கிளாஸ் தோல் ஏராவோடு உரிந்து வந்துவிடும்.

பிரிந்ததும் கம்பிகளின் கதை தெரியும். கம்பி பிரஷால் தேய்த்தபின், ஈயத்துக்கு மேல் முதல் இரண்டு செ.மீ. பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அரிப்பு அங்கேதான், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் பறித்த மாதிரி இருக்கும். டை பெனட்ரன்ட் (வெடிப்புக்குள் ஊறும் சாயம்) அடித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் சிவப்புக் கோடாக எழும்பும். ஈயத்துக்குள் நாலைந்து மி.மீ. தோண்டியும் பார்த்துவிடுங்கள்.

ஈயத்தில் புது போல்ட்

வார்ப்பில் பதிந்த கம்பியை மாற்ற ஒரு வழி, ஏராவை வார்ப்பகத்துக்கே அனுப்புவது. யார்டிலேயே செய்யக்கூடியது பக்கத்தில் புதிது போடுவது. பழையதிலிருந்து குறைந்தது 75 மி.மீ. தள்ளி, இருபக்கமும் ஈயம் 40 மி.மீ.க்குக் குறையாத இடத்தில் 20 மி.மீ. துளையை 300 மி.மீ. ஆழத்துக்கு இறக்கவும். அந்த ஆழத்தில் ஏராவின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழி பறித்து, கம்பியின் அடிமுனையில் தகடும் இரட்டை நட்டும் போட்டு, குழியை எபாக்சியால் மூடிவிடலாம்.

ஈயம் மெத்தென்று இருப்பதால் துளைப்பது சுலபம் என்று நினைத்தால் மணிக்கட்டு போய்விடும். சீவல் பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு பிட்டைக் கவ்வும். டிரில் மெஷின் சுழலும், கூடவே கையும். நிமிடத்துக்கு 200, 300 சுற்றுக்கு மேல் வேண்டாம். பக்கக் கைப்பிடி உள்ள மெஷின் வேண்டும், துளைக்குள் மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட வேண்டும். 300 மி.மீ.க்கு முப்பது தடவை. பொறுமை இல்லாதவர் பத்தாவது தடவையில் பிட்டை உள்ளே முறிப்பார். நேராக இறங்க, தடிமனான மரக்கட்டையில் முதலிலேயே துளையிட்டு அதை வழிகாட்டியாகப் பொருத்தலாம். பக்கக் குழிக்கு மரவேலை உளியே போதும். ஈயம் பாலாடைக்கட்டி போல வெட்டுப்படும். சாண்டர் மட்டும் ஓட்டாதீர்கள், அந்தத் தூசிதான் விஷம். கையுறை, முகக்கவசம், கீழே தார்ப்பாய், சாப்பிடும் முன் கை கழுவுவது எல்லாம் கட்டாயம்.

குழிக்குள் போகும் தகட்டை வெறும் வாஷர் அளவில் விடக் கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழுகும் உலோகம். 26 கிலோநியூட்டன் இழுவையை 50×50 வாஷர் தாங்கினால் ஈயத்தில் அழுத்தம் 12 மெகாபாஸ்கல் ஆகிவிடும்; நாள்பட்டால் வாஷர் ஈயத்தில் அமிழ்ந்து முறுக்கு தளரும். 75×60 தகடு, 10 மி.மீ. தடிமன் என்றால் பாதியாகக் குறையும். ஈயத்தில் நேரடியாகத் திருகும் நீண்ட லேக் போல்ட்டுகளும் விற்கிறார்கள். பழைய போல்ட்டுகள் இன்னும் உயிரோடிருக்கும்போது துணைக்கு அவை சரி; பாரம் முழுவதையும் அவற்றின் தலையில் வைப்பது சரியல்ல.

கம்பிக்கு 316, அல்லது பணம் இருந்தால் அக்வாமெட் 22 என்ற உயர்ரக ஸ்டெயின்லெஸ். அது 316ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு வலு, இடுக்கு அரிப்பையும் நன்றாகத் தாங்கும். சிலிக்கான் வெண்கலமும் ஈயத்தோடு நன்றாக ஒத்துப்போகும், ஆனால் பாதி வெண்கலம் பாதி ஸ்டெயின்லெஸ் என்று ஒரே பில்ஜில் கலக்க வேண்டாம். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் முழுநீள மரைக் கம்பி வசதிதான். ஆனால் மூட்டில் சரியாக மரைப்பள்ளம் வரும். அரிப்புக்கும் வெடிப்புக்கும் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. முனைகளில் மட்டும் மரை வெட்டி, நடுவில் மொழுமொழுவென்று விட்ட கம்பியாகக் கடைந்து வாங்குங்கள்.

ஊறிய பிளைவுட்

பழைய ஸ்டப்பைத் தட்டினால் பலகை போல ஒலிக்காமல் ஈரத்துணி போல ஒலிக்கும். அதில் சின்னத் துளைகள் போட்டு வெயிலில் உலர்த்தி எபாக்சி ஊற்றுவது வீண். ஊறிய பிளைவுட் அடுக்கு அடுக்காகத்தான் உலரும், ரெசினும் எல்லா இடத்துக்கும் போகாது. பில்ஜ் பக்கத்துத் தோலை வெட்டியெடுத்து, மரத்தைச் சுரண்டி, வெள்ளைக் கண்ணாடியிழை தெரியும்வரை தேய்த்துவிடுவதே வழி. காலியான இடத்தை 1708 பைஆக்சியல் கண்ணாடியிழைத் துணி அடுக்குகளாலும், இடுக்குகளை வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினில் 404 பவுடர் கலந்த பசையாலும் நிரப்பலாம். ஒரே நேரத்தில் 10, 12 மி.மீ.க்கு மேல் ஊற்றினால் சூடேறிப் புகையும், பொரிந்து வெடிக்கும். நம் ஊர் வெயில் போன்ற வெப்பத்தில் வேகமாக இறுகும் 205 ஹார்டனர் வேண்டாம்; 206, இல்லாவிட்டால் இன்னும் மெதுவான 209. மேல்தோலைத் திரும்பப் போடும்போது விளிம்பைத் தடிமனின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அடுக்குகளை அதன்மேல் படியவிட வேண்டும். போல்ட் துளைகளைச் சரியான அளவில் பின்னர் துளைத்துக்கொள்ளலாம்.

திரும்பப் பொருத்துதல்

சீலன்ட்டா, எபாக்சியா என்ற சண்டை யார்டுகளில் ஓயாது. இரண்டும் வேண்டும், வரிசையாக. முதலில் ஈயத்தின் மேல்பரப்பைப் பளபளவென்று ஆகும்வரை தேய்த்து, ஈரமான எபாக்சியைக் கம்பி பிரஷால் ஈயத்துக்குள்ளேயே அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்து அரைமணி விட்டாலே ஈயம் மறுபடி ஆக்ஸைடு பூத்துவிடும், அதன்மேல் எதுவும் ஒட்டாது. ஈரத்தோடு தேய்த்தால் காற்று படாமலே பிடித்துக்கொள்ளும். அது இறுகியபின் அதன்மேல் மெழுகு தடவி, ஸ்டப்பின் அடியில் 404 கலந்த பசையைப் பரப்பி, படகை இறக்கி, நட்டைக் கையால் மட்டும் முறுக்கி இறுகவிடுங்கள். மறுநாள் தூக்கினால் ஸ்டப் ஈயத்தின் அச்சாகவே வார்ந்திருக்கும். கம்பிகளுக்கும் மெழுகு பூச மறந்தால் படகைத் தூக்கவே முடியாது.

ஒவ்வொரு துளையின் அடிவாயையும் 6 மி.மீ. சரிவாகக் குடைந்துவிடுங்கள். இறுதிப் பொருத்தத்தில் சீலன்ட் அந்தக் குடைவில் நிறைந்து கம்பியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமாக நிற்கும். இந்த வேலை முழுவதிலும் கசிவைத் தடுப்பது உண்மையில் அந்த வளையம்தான். மூட்டின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர், 3 மி.மீ. கனத்துக்கு 600 மி.லி. ஆகும். 300 மி.லி. குழாய் இரண்டு போதும் என்று கணக்கு சொல்லும், ஆறு வாங்குங்கள். சுற்றிலும் பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம், நடுவில் தீர்ந்துபோய்க் கடைக்கு ஓடவும் முடியாது. அச்சு வார்த்த மூட்டானால் அன்றே முறுக்கலாம். அச்சு வார்க்காமல் சீலன்ட்டிலேயே உட்கார வைத்தவர்கள் கையால் முறுக்கிவிட்டு, 5200 முழுதும் இறுக ஒரு வாரம் விட்டு, பிறகு முறுக்க வேண்டும்.

வாஷருக்குப் பதில் 75×75 மி.மீ., 10 மி.மீ. கனமுள்ள 316 தகடு. பழைய 50 மி.மீ. வட்ட வாஷரின் கீழ் 16 மெகாபாஸ்கல் இருந்த அழுத்தம் ஐந்தாக இறங்கும்.

முறுக்கு அளவுக்குப் படகு தயாரித்தவர் எண் கொடுத்திருந்தால் அதுவே சட்டம். இல்லையென்றால் கணக்கு இது: முக்கால் அங்குல போல்ட்டின் இழுவிசைப் பரப்பு 215 சதுர மி.மீ.; மென்பதத்தில் உள்ள 316 நிரந்தரமாக நீளத் தொடங்குவது 205 மெகாபாஸ்கலில்; அதாவது 44 கிலோநியூட்டன். அதில் அறுபது சதவீதம் 26. மரைக்கு கிரீஸ் பூசியிருந்தால் முறுக்குக் கெழு (K) 0.15; அதை மீட்டரில் போல்ட் விட்டத்தாலும் இழுவிசையாலும் பெருக்கினால் 0.15 × 0.019 × 26,000, சுமார் 75 நியூட்டன் மீட்டர், 55 அடி-பவுண்டு. உலர்ந்த மரையில் அதே இழுவிசைக்கு 100க்கு மேல் போக வேண்டியிருக்கும். அதனால்தான் உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணைக் கிரீஸ் பூசிய மரையில் போட்டு கம்பியை நீட்டிவிடுகிறார்கள். கிரீஸ் இல்லாமலும் இருக்க முடியாது: ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் மரையில் சூடேறினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். டெஃப்-ஜெல் போன்ற பசை பூசி, இம்பாக்ட் கன் இல்லாமல், கையால் மெதுவாக முறுக்குங்கள். நடுவில் தொடங்கி முனைகளுக்கு, 30, 50, 75 என்று மூன்று சுற்று.

வார்ப்பிரும்பு ஏராக்காரர்களுக்கு வேலை கொஞ்சம் வேறு. ஃபோக்போட் மாதிரி மரப் படகுகளில் போல்ட் நேராக ஊடுருவிப் போவதால் ஒவ்வொன்றாகக் கீழே தட்டி இறக்கிப் பார்க்கலாம், மாற்றலாம். அங்கே கால்வனைஸ் செய்த சாதா இரும்பையே திரும்பப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போட்டால் போல்ட் பிழைக்கும், சுற்றியுள்ள வார்ப்பிரும்பு கரையும். இரும்பு ஏராவின்மேல் எபாக்சி பூச்சு முழுதாக மூடாமல் செம்பு கலந்த பாசி-தடுப்புப் பெயின்ட் அடிப்பதும் அதே தப்புதான்.

வெளிமூட்டைக் கெட்டியான பட்டியால் மெழுகி மறைக்காமல், சிறிய வி-பள்ளத்தில் சீலன்ட்டே நிரப்பி விட்டுவிடலாம். கெட்டிப் பட்டி முதல் காற்றிலேயே கீறும். பிறகு அது பட்டியா மூட்டா என்று ஒவ்வொரு வருடமும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும். நட்டுகளின் மேலும் பெயின்ட் வேண்டாம், கிரீஸ் போதும். பில்ஜ் உலர்ந்து இருக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வையுங்கள். கொஞ்சம் சுற்றும், அது இயல்பு. அதன்பின் ஒவ்வொரு நட்டிலிருந்து தகடுவரை நெயில் பாலிஷால் ஒரு கோடு. படகு தண்ணீரில் இறங்கியதும் ஸ்லிங்கைக் கழற்றாமல் அரைமணி நிறுத்தி, நட்டுகளைச் சுற்றிப் பழையபடி டிஷ்யூ வளையம் வையுங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் ஸ்லிங்கை எடுக்கச் சொல்லலாம். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ஷ்ரவுட் கம்பிகளை முறுக்குவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், படகு தன் எடையில் ஓரிரவு மிதந்த பிறகு.